ஒன்றரை மாத ஊசிக்கு வந்தவர்கள்

புதன்கிழமை எங்களுக்குத் தடுப்பூசி நாள். ஒன்றரை மாதக் குழந்தைக்குத் தொடையில் பென்டா ஊசி போட்டதும் அது வீறிட்டு அழும். அந்த நேரத்தில் நான் குழந்தையைப் பார்ப்பதில்லை, அம்மாவின் கையைத்தான் பார்ப்பேன். பெரும்பாலான தாய்மார் நான் ஊசியை எடுப்பதற்குள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, "இல்லடா கண்ணு, முடிஞ்சிருச்சு" என்று எழுந்துவிடுவார்கள். சிலர் பிள்ளையோடு சேர்ந்து அழுவார்கள். இந்த இரண்டு வகையும் எனக்குக் கவலை தருவதில்லை. மூன்றாவது வகைதான் வயிற்றைக் கலக்கும். குழந்தை மடியில் கிடந்து கத்தும், அம்மாவின் கை அசையாது, கண் எதிர்ச்சுவரில் நிற்கும். பக்கத்தில் இருப்பவர் "தூக்கும்மா" என்றால்தான் தூக்குவாள்.

காட்டாங்குளத்தூர் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலைக்கு வந்ததிலிருந்து அப்படிப்பட்ட தாயை எப்போதாவது ஒருமுறைதான் பார்த்திருந்தேன். 2020 ஜூலைக்குப் பிறகு அடிக்கடி பார்க்கத் தொடங்கினேன்.

அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி சாலையின் இரண்டு பக்கமும் பரந்து கிடக்கும் ஒன்றியம் இது. பொத்தேரியில் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும், மறைமலை நகரில் தொழிற்சாலைகள், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியில் அடுக்குமாடிகள், உள்ளே போனால் காயரம்பேடு மாதிரி ஏரியும் வயலும் உள்ள ஊர்கள். என் பதிவேட்டில் உள்ள கர்ப்பிணிகளில் இந்த மண்ணில் பிறந்தவர்கள் குறைவு. திருநெல்வேலி, விருதுநகர், விழுப்புரம், கடலூர் என்று கல்யாணமாகி வந்து, வரிசை வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக் குடியிருப்பவர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கணவனோடு வந்தவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் தாய்வீடு தூரம். ஆனால் ரயில் உண்டு, பேருந்து உண்டு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்தால் பெட்டி கட்டிவிடுவார்கள். பிள்ளையோடு திரும்பி வரும்போது பிள்ளைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகியிருக்கும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது செலவைப் பங்கிடும் சடங்கு என்று சிலர் நினைப்பார்கள். வேலையில் இருப்பவளாகச் சொல்கிறேன், அது ஒரு மருத்துவ ஏற்பாடு. இரவில் பிள்ளையை வாங்கிக்கொள்ள ஓர் ஆள், காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்ட ஓர் ஆள், பூண்டும் பாலும் கலந்து கொண்டுவந்து கொடுத்து "தின்னுட்டுப் படு" என்று அதட்ட ஓர் ஆள். புதுத்தாயின் மனத்தைக் காப்பாற்றுவதில் பாதி வேலையை அந்தக் கைகள் செய்துவிடும்.

2020 மார்ச் கடைசியில், கொரோனா ஊரடங்கோடு அந்தக் கைகள் நின்றுபோயின.

மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் என்ற அரசு அனுமதி வேண்டியிருந்தது. கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம், இந்த மூன்றுக்குத்தான் கிடைத்தது. மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையிருக்கப் போவது இந்த மூன்றில் எதிலும் அடங்கவில்லை. ஜூன் 19 முதல் 30 வரை மறுபடி முழு ஊரடங்கு போட்டபோது சென்னையோடு சேர்த்து மறைமலை நகரும், நந்திவரம் கூடுவாஞ்சேரியும், காட்டாங்குளத்தூர் ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளும் அதில் வந்தன. செப்டம்பரில் இ-பாஸ் எடுக்கப்பட்டு, வெளியூர்ப் பேருந்துகள் ஓடத் தொடங்கும் வரை என் பகுதியில் பிள்ளை பெற்றவர்களில் பலர் கணவனைத் தவிர வேறு துணையின்றிக் கிடந்தார்கள்.

எங்களுக்கோ அப்போது காய்ச்சல் கணக்கெடுப்பு. வெப்பமானியும் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். தொற்று உறுதியான வீட்டில் ஒட்டுவில்லை ஒட்ட வேண்டும், வைட்டமின், ஜிங்க் மாத்திரை கொடுக்க வேண்டும். சில தெருக்களில் எங்களைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். ஆனால் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் நேர்மாறாக நடந்தது. கதவைத் தட்டினால் போகவே விட மாட்டார்கள். பல நாட்களாக அந்த வாசலுக்கு வந்த ஒரே வெளியாள் நானாகத்தான் இருந்தேன்.

அப்படி ஒரு வீடு பொத்தேரி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். தென்மாவட்டப் பெண், முதல் குழந்தை, அறுவை சிகிச்சைப் பிரசவம். கணவன் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, ஊரடங்கு தளர்ந்ததும் உடனே போக வேண்டியதாயிற்று. வெயில் கொளுத்தும் அறையில் தையல் வலியோடு அவளும் பிள்ளையும். நான் எடை பார்க்கக் குழந்தையைக் கையில் வாங்கியபோது கழுத்து மடிப்பில் பால் காய்ந்து சிவந்திருந்தது. குளிப்பாட்டுவதில்லையா என்று கேட்டேன். "தெரியல சிஸ்டர். மூக்குல தண்ணி போயிருமோன்னு பயமா இருக்கு. அம்மா வீடியோ கால்ல சொல்லிக் கொடுத்தாங்க. போனைப் பாக்கவா, புள்ளையப் புடிக்கவா?" கேட்கும்போது அவள் அழவில்லை. ஊர்க்காரர் யாரையோ பற்றிச் சொல்வது போல் சொன்னாள். தூக்கம் வருகிறதா என்றேன். "புள்ள தூங்குறப்பவும் முழிச்சேதான் கெடக்கேன்."

இந்தப் பதில்தான் எனக்கு முக்கியம். பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கம் குறைவது இயல்பு. பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராமல், வெறித்துக்கொண்டு கிடப்பது இயல்பல்ல. பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவதும் எரிச்சல் வருவதும் பெரும்பாலானவர்களுக்கு உண்டு, பத்துப் பதினைந்து நாளில் தானாக அடங்கும். அதைத் தாண்டியும் நீண்டால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், "நான் இந்தப் புள்ளைக்கு லாயக்கில்ல" என்ற நினைப்பு குடியேறிவிட்டால், அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு. அதற்கு வைத்தியம் உண்டு. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு அதைவிடக் கடுமையாக, இல்லாத குரல் கேட்பதும் பிள்ளை மேலேயே சந்தேகம் வருவதுமாகத் தொடங்கும். அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமத் தாய்மாரை ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர். யாருக்கு வந்தது என்றும் அதில் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தவர்களுக்கு, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு கசந்தவர்களுக்கு, கர்ப்ப காலத்தில் பெரிய கஷ்டத்தைச் சந்தித்தவர்களுக்கு, உடல்வேலைக்குக் கைகொடுக்க ஆளில்லாதவர்களுக்கு. இந்தப் பட்டியலை ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஊரடங்கு இதில் பலவற்றை ஒரே மாதத்தில் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்ன கணக்குப்படி, தொற்றின் முதல் ஆண்டிலேயே உலகெங்கும் பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு கூடின. பெண்களும் இளவயதினரும்தான் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள். நான் அந்தக் கணக்கை நம்புவதற்கு என் தெருக்களே போதும்.

எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒன்று இருக்கிறது. கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். கடைசிக் கேள்வி, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளும் நினைப்பு வந்ததா என்பது. நல்ல கருவிதான். ஆனால் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தாளை எடுத்து வைத்துக் கேட்டால் எல்லாவற்றுக்கும் "இல்லை"தான் வரும். எங்கள் பெண்கள் மனசு சரியில்லை என்று வருவதில்லை. தலைவலி, கைகால் அசதி, நெஞ்சு படபடப்பு, பால் வற்றிப்போச்சு என்று வருவார்கள். அதனால் நான் உடம்பிலிருந்து தொடங்குவேன். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிவிட்டு, காற்றை இறக்கும்போது மெதுவாகக் கேட்பேன். அந்த நேரம் அவள் கையை நான் பிடித்திருப்பேன், வேறு யாரும் நடுவில் பேச மாட்டார்கள். தனியாகப் பேச வேண்டுமானால் தையல் புண்ணைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அறைக்குள் கூட்டிப்போவேன். கடைசிக் கேள்வியை அங்கேதான் கேட்பேன். அப்படிக் கேட்டால் நினைப்பு வந்துவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது, அது தவறு. கேட்ட பிறகு தங்களுக்கு மூச்சுவிட முடிந்தது என்றுதான் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"திருஷ்டி பட்டிருக்கு, மந்திரிச்சுட்டு வந்தா சரியாயிரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் எதிர்ப்பதில்லை. "மந்திரிங்கம்மா, கூடவே இந்த டாக்டரையும் பாத்துட்டு வரலாம்" என்பேன். மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவரிடம் ஒருமுறை கூட்டிப்போய்விட்டால் அடுத்த முறை அந்த மாமியாரே நாளை எண்ணி ஞாபகப்படுத்துவார். பால் கொடுக்கும் தாய்க்கு மாத்திரை கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டு நிறுத்திவிடுவதுதான் பெரிய தொல்லை. பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் உண்டு. எது, எவ்வளவு என்பதை மனநல மருத்துவர் சொல்ல வேண்டும், பக்கத்து வீடு அல்ல.

பொத்தேரிப் பெண்ணுக்கு மருத்துவர் மாத்திரை எழுதினார். ஆனால் அவளுக்கு முதல் திருப்பம் வேறு இடத்திலிருந்து வந்தது. வீட்டுக்காரம்மாவிடம் நான் பேசினேன். தொற்றுக்குப் பயந்து மாடியிலிருந்து இறங்காமல் இருந்தவர். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தினமும் காலையில் வந்து குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுப் போனார். அந்த ஒரு மணி நேரம் அவள் தூங்கினாள்.

கணவன்மாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுக்கடைகள் மூடியிருந்த ஏப்ரலில் சில வீடுகள் அமைதியாக இருந்தன, சில வீடுகளில் குடி கிடைக்காத நடுக்கமும் அடியும் இருந்தன. மே 7 அன்று கடை திறந்து, மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொல்லி, 16ஆம் தேதி மறுபடி திறந்தது. அந்த வாரத்துக்குப் பிறகு சமையலறையில் இடித்துக்கொண்டேன் என்று கன்னம் வீங்கி வந்த பெண்களிடம் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மாத்திரை உறையின் உள்பக்கம் எழுதிக் கொடுத்தேன். வேலை போன பயமும் பெரியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலை நகரில் அந்த ஆலையை நம்பியிருந்த உணவகம், வேன், வாடகை வீடு எல்லாவற்றிலும் பேச்சு ஒன்றுதான். வீட்டுக்கடனும் பள்ளிக்கட்டணமும் பெரியவர்கள் பேசுவது, பிள்ளைகள் தூங்கிவிட்டதாக நினைத்துத்தான். ஓரறை வீட்டில் எந்தப் பிள்ளை தூங்கும்?

பிள்ளைகளின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. நாலாவது படிக்கிற பையன் மறுபடி படுக்கையை நனைக்கிறான் என்று ஒரு தாய் கூட்டி வந்தார். சிறுநீர்ப் பரிசோதனை சரியாக இருந்தது. தியாகராய நகர்த் துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவர் அவர். மின்சார ரயில் நின்றதும் வேலை நின்றது. அக்டோபரில் அத்தியாவசியப் பணியாளருக்கு மட்டும் ரயில் ஓடி, நவம்பர் கடைசியில்தான் நெரிசல் இல்லாத நேரத்தில் பெண்களை ஏற்றினார்கள். அதுவரை வீட்டில் இருந்த ஒரு போனில் மூத்தவளுக்கு வகுப்பு. இளையவன் கல்வித் தொலைக்காட்சி முன்னால். "அவனைக் கண்டாலே கை ஓங்குது நர்சம்மா, அப்புறம் ராத்திரி பூரா அழுவேன்" என்றார். நான் பையனிடம் அதிகம் பேசவில்லை. அந்த அம்மாவோடு வாரம் ஒருமுறை பேசினேன், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனை மொட்டை மாடியில் அரை மணி நேரம் ஓடவிடச் சொன்னேன், நனைத்தால் திட்டக் கூடாது என்று பாட்டியிடமும் சொன்னேன். அம்மா வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் படுக்கை காய்ந்தது. பிள்ளையைச் சரிசெய்யச் சொல்லி வந்தவர்கள் பலரிடமும் நான் முதலில் கேட்டது அம்மாவின் தூக்கத்தை.

எல்லாமும் அப்படி முடியவில்லை. இரண்டாவது அலை வந்தது. 2021 மே மாதத்தைப் பற்றி செங்கல்பட்டு மாவட்டத்தில் வேலை பார்த்த எந்தச் செவிலியராலும் நிதானமாகப் பேச முடியாது. தகப்பனை இழந்த ஏழு வயதுப் பையன் ஒருவன் தோல் உரியும் அளவுக்குக் கை கழுவிக்கொண்டே இருந்தான். சுத்தமான பிள்ளை என்று வீட்டில் பெருமையாகச் சொன்னார்கள். தெருவில் விளையாடிவிட்டுக் கை கழுவாமல் அப்பா மேல் ஏறியதால்தான் அப்பாவுக்கு வந்தது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். யாரும் அவனிடம் அப்படிச் சொல்லவில்லை. டிவி சொல்லியது, போனை எடுத்தால் இருமலோடு வந்த அறிவிப்பு சொல்லியது. அந்தப் பையனிடம் உட்கார்ந்து, கிருமி யார் மூலமாக வந்தது என்று டாக்டருக்கே தெரியாது, அப்பா வேலைக்குப் போனார், கடைக்குப் போனார், பேருந்தில் போனார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒருமுறை சொன்னால் போதவில்லை, பல முறை சொல்ல வேண்டியிருந்தது. சாவு வீட்டில் பிள்ளைகளை அப்புறப்படுத்திவிடும் பழக்கம் நமக்கு உண்டு. தொற்றுக் காலத்தில் அடக்கமும் கண்ணில் படவில்லை. உடலைப் பார்க்காத பிள்ளைகள் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடுவார் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இறந்துவிட்டார் என்ற சொல்லைப் பிள்ளையிடம் சொல்லத்தான் வேண்டும். "சாமிகிட்டப் போயிருக்கார்" என்றால் எப்போது திரும்புவார் என்றுதான் அது கேட்கும்.

அந்த மே மாதமே தமிழ்நாடு அரசு, கொரோனாவில் இரண்டு பெற்றோரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம் வைப்புத்தொகை என்றும், ஒருவரை இழந்த பிள்ளையை வளர்க்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ 3 லட்சம் என்றும் அறிவித்தது. சான்றிதழ்களைச் சேர்க்க அந்தத் தாய்மாரோடு நானும் அலைந்திருக்கிறேன். பணம் அவர்களை நிமிர்த்தியது, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று எழுதவில்லை என்பதற்காக ஓர் இளம் விதவை அலுவலகம் அலுவலகமாகக் கணவன் செத்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை சொல்லி வந்த இரவும் அவள் சாப்பிட மாட்டாள் என்று அவள் மகள் என்னிடம் சொன்னாள். அந்த மகளுக்குப் பன்னிரண்டு வயது. சமையல், தம்பி, அம்மா மூன்றையும் அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை, பொறுப்பான பிள்ளை என்று ஊரே புகழ்ந்தது. எனக்கு அந்தப் பிள்ளையை நினைத்தால்தான் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அடம்பிடிக்கும் பிள்ளை எப்படியும் கண்ணில் பட்டுவிடும். இப்படிப்பட்ட பிள்ளையை நாம்தான் தேடிப்போக வேண்டும்.

ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்று திறந்தன. காலையில் வயிற்றுவலி, பள்ளிக்கூட வாசலில் வாந்தி என்று பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அதே நேரத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் எங்கள் பகுதியில் செய்த ஒரு நன்மையை யாரும் பெரிதாக எழுதவில்லை. சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைக்கும் தன்னார்வலர்கள், படித்துவிட்டு வீட்டில் இருந்த இளம் தாய்மார். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஒன்றரை வருடமாகச் சுவரைப் பார்த்திருந்த பெண்கள் தலை வாரி, பொட்டு வைத்து, சாக்பீஸோடு தெருவுக்கு வந்தார்கள். என்னிடம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த ஒருத்தி அதில் சேர்ந்தாள். அவள் குழந்தை அந்தப் பிள்ளைகள் நடுவில்தான் நடக்கக் கற்றது.

ஊரடங்கில் பிறந்த குழந்தைகளை 2022இல் அங்கன்வாடியில் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. ஆளைக் கண்டால் வீறிட்டு அம்மா சேலைக்குள் ஒளிவது, இரண்டு வயதாகியும் பேச்சு வராதது. சில பிள்ளைகளுக்குத் தமிழில் அம்மா, அப்பா வரவில்லை, கார்ட்டூனில் கேட்ட ஆங்கிலச் சொற்கள் வந்தன. போனை நிறுத்தி, எதிரே உட்கார்ந்து பேசினால் ஆறு மாதத்தில் தேறிய பிள்ளைகள் நிறைய. ஆனால் எல்லாவற்றையும் கொரோனா மேல் போட்டுவிட்டு, "தானா பேசும்" என்று காத்திருந்த குடும்பங்களைப் பார்த்து எனக்குக் கோபம் வந்திருக்கிறது. கூப்பிட்டால் திரும்பாத, கண்ணைப் பார்க்காத, விரல் நீட்டிக் காட்டாத குழந்தைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் காட்ட வேண்டும். ஆட்டிசத்துக்கான பயிற்சியில் ஒரு வருடம் தவறுவது சின்ன விஷயமில்லை. இங்கேயும் வசை விழுவது தாய் மேல்தான். "நீதான் போனைக் குடுத்துக் கெடுத்த." தனியாக ஒரு சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு சோறு வடித்தவளுக்கு அந்தப் போன்தான் வேலையாள். வேறு ஆளைக் கொடுத்துவிட்டுத்தான் போனைப் பிடுங்க வேண்டும்.

யுனிசெஃப் 2021இல் வெளியிட்ட ஆய்வில், மனக்கஷ்டத்துக்கு உதவி தேடுவது நல்லது என்று சொன்ன இந்திய இளைஞர்கள் 41 விழுக்காடு. இருபத்தொரு நாடுகளின் சராசரியோ 83. பிள்ளைகளுக்கு 1098 என்ற உதவி எண் இருக்கிறது, 104 இருக்கிறது, 2022 அக்டோபரிலிருந்து 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். எண் தெரிந்தும் பெண்கள் கூப்பிடுவதில்லை. போன் கணவனுடையது, அழைப்புப் பட்டியலை அவன் பார்ப்பான். அதனால் என் போனிலிருந்து போட்டுக் கொடுத்துவிட்டு, கண் பார்வையில் ஆனால் காதுக்கு எட்டாத தூரத்தில் போய் நின்றுகொள்வேன்.

இப்போது ஒவ்வொரு கர்ப்பிணியின் பக்கத்திலும் ஓரமாக ஒரு வரி எழுதி வைக்கிறேன்: பிரசவத்துக்குப் பிறகு உடன் இருக்கப்போவது யார், அவர் போன் எண் என்ன. ரத்த அளவையும் எடையையும் போல ஏழாம் மாதத்திலேயே கேட்டுவிடுகிறேன். பொத்தேரிப் பெண் இரண்டாவது பிள்ளைக்குப் பதிவு செய்ய வந்தபோது, நான் கேட்பதற்கு முன்பே தன் அம்மாவின் எண்ணைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னாள். அந்த வரி காலியாக இருக்கும் பெண்களுக்கு, பிள்ளை பிறந்து பத்தாம் நாளுக்குள் அங்கன்வாடி டீச்சரும் நானும் அந்தத் தெருவில் ஒரு கதவைத் தட்டி, தினமும் ஒரு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்கிறோம். சரி என்பவர்களுக்குக் கழுத்தை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுக்கிறோம். முடியாது என்பவர்களிடம் அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு அங்கே போகிறோம்.